புற்றடியில் வெள்ளைக் காளான் முளைத்திருக்கிறது, சாப்பிடுகிற வகைதானா?

தோப்புக்காரன், கடையம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு கடையத்துக்கு மேற்கே, ராமநதி அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தென்னை, நடுவில் கொஞ்சம் எலுமிச்சை. சென்னையில் வேலையில் இருந்தவன், அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊரோடு வந்துவிட்டேன். தோப்பு வேலையில் இன்னும் பாதி ஆள்தான்.

முந்தாநாள் ராத்திரி இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. இன்று காலை மோட்டார் போடப் போனால், வடக்கு வேலியோரம் உள்ள கரையான் புற்றைச் சுற்றி வெள்ளைவெளேரென்று காளான். பெரியது உள்ளங்கை அகலம் இருக்கும். தென்னை மூட்டில் புல்லுக்குள்ளும் கொஞ்சம் நின்றது. எல்லாவற்றையும் தரையோடு அறுத்து ஓலைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். தட்டில் பரப்பி எடுத்த படம் கீழே இருக்கிறது.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. தோப்பில் வேலை பார்க்கிற அண்ணாச்சி, "புற்றுல முளைச்சா பயமே இல்ல, நாங்க சின்னதுல இருந்து திங்கோம்" என்கிறார். என் அத்தை, வெள்ளிக் கொலுசைப் போட்டு வேகவைத்துப் பார், கொலுசு கறுக்கவில்லை என்றால் சாப்பிடலாம் என்கிறாள். என் மனைவி அடுப்பையே பற்றவைக்க மாட்டேன் என்று நிற்கிறாள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு இதை வைக்கலாமா?

குற்றாலத்தான்

நூறு சதவீதம் புற்றுக்காளான். பார்த்தாலே தெரிகிறதே! ஆட்டுக்கறி தோற்றுப்போகும். நல்லெண்ணெயில் மிளகு போட்டு வதக்கிச் சாப்பிடுங்கள். எங்களுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள்.

அடிவாரத்துக்காரி, சிவசைலம்

குற்றாலத்துத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். படத்தைப் பார்த்து நூறு சதவீதம் சொல்ல என்னால் முடியாது. எங்கள் ஆச்சி உயிரோடு இருந்தால் அவளும் சொல்ல மாட்டாள். இந்த அடிவாரத்தில் காளானுக்கு அவள் கண்தான் கடைசித் தீர்ப்பு. ஆனால் பெட்டியில் கிடப்பதைப் பார்த்து ஒருநாளும் அவள் வாய் திறந்ததில்லை. "நின்ன எடத்தக் காட்டு" என்பாள். இடத்தைக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு.

தோப்புக்காரத் தம்பி, தரையோடு அறுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். இது எந்தக் காளான் என்று சொல்லக்கூடிய பாதி இன்னும் உங்கள் தோப்பு மண்ணுக்குள் நிற்கிறது.

புற்றுக்காளானின் தண்டு தரைமட்டத்தில் முடியாது. அதற்குக் கீழே வேர் மாதிரி ஒரு வால் இறங்கும், ஒரு சாண் இருக்கும், சிலதில் அதற்கும் மேலே. பிடித்து இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். களைக்கொத்தை எடுத்துத் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, அந்தக் குழிப் பக்கமாக மண்ணைக் கையால் உதிர்த்துக்கொண்டே வரவேண்டும். வால் மெலிந்து மெலிந்து போய்க் கடைசியில் கரையான் அறை ஒன்றில் போய் நிற்கும். அதற்குள்ளே சாம்பலும் தவிடும் கலந்த நிறத்தில் கூடு ஒன்று உட்கார்ந்திருக்கும். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். உடைத்த இடத்தில் உற்றுப் பாருங்கள், கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். கரையான் சருகையும் மரத்தையும் மென்று தின்று, எச்சத்தை இட்டு, அதன்மேல் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. பிறகு அதையே தின்கிறது. மழை இறங்கி மண் ஊறியதும் அந்தப் பூஞ்சைதான் மேலே குடை விரிக்கிறது. அதனால்தான் இதை யாராலும் பந்தலில் வளர்த்து விற்க முடியவில்லை, கரையானையும் சேர்த்தல்லவா வளர்க்கவேண்டும்!

இதில் ஒரே வகை இல்லை. புற்றுக்காளானுக்கு விஞ்ஞானத்தில் சொல்கிற டெர்மிட்டோமைசிஸ் என்பது ஒரு கூட்டத்துக்கே பெயர். நம் பக்கத்து வெள்ளைக் காளானை 1979ல் சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயரிட்டு விவரித்தார். அதன் தண்டில் தடித்த வளையம் உண்டு, அதே கூட்டத்தில் வளையமே இல்லாததும் உண்டு. ஆகவே வளையத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தொப்பியின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். மண்ணைக் குத்திக்கொண்டு வந்தது அல்லவா, கெட்டியாகக் கூர்ப்பு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். சுற்றியுள்ளதைவிட அது கொஞ்சம் கறுத்தும் இருக்கும். தொப்பிக்கு அடியில் உள்ள மடிப்புகள் தண்டைத் தொடாமல் நிற்கும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். தட்டின் வலது ஓரத்தில் இரண்டு கிடக்கின்றன, பாருங்கள். நடுவில் தவிட்டு நிறத் திட்டு, அதைச் சுற்றிச் செதில் செதிலாகச் சிதறியிருக்கிறது. கூர்ப்பு இல்லை. வளையம் தண்டில் லொடலொடவென்று நிற்கிற மாதிரித் தெரிகிறது. இந்த இரண்டும் புற்றில் நின்றவையா, தென்னை மூட்டுப் புல்லில் நின்றவையா? புல்லில் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. எரு போட்ட புல்தரையில் மழைக்கு இப்படி ஒன்று வரும், சில இடத்தில் வட்டம் கட்டி நிற்கும். பார்க்க அம்சமாக இருக்கும், ஆனால் சாப்பிட்டவர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிடுவார்.

அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. என் மகள் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது வந்து காட்டியது. நன்றாக விரிந்த தொப்பியைத் தண்டு நீக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தில் கவிழ்த்து வையுங்கள். தொப்பியின் ஒரு பாதி வெள்ளைக் காகிதத்திலும் மறு பாதி கறுப்புக் காகிதத்திலும் இருக்கட்டும், ஏனென்றால் மடிப்பிலிருந்து விதை மாதிரி ஒரு தூள் உதிரும், அது வெள்ளையாக இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். காலையில் வைத்தால் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் தூள் இறங்கிவிடும். புற்றுக்காளான் என்றால் இளஞ்சிவப்பு. நான் சொன்ன அந்தப் புல்தரைக் காளான் என்றால் பச்சை, அசல் பாசி நிறம். மொட்டில் தூள் விழாது. அதன் மடிப்பும் மொட்டில் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றின பிறகே பச்சை தட்டும். அதனால் மொட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வெள்ளைத் தூள் விழுந்தால் கதை வேறு. அந்தத் தண்டின் அடியில் முட்டைத்தோடு கிழிந்த மாதிரி ஒரு பை இருக்கிறதா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கவேண்டும். அமானிட்டா என்கிற கூட்டத்துக்கு அந்தப் பை உண்டு, ஆளையே கொல்கிற வகைகள் அதில் இருக்கின்றன. அறுத்துக்கொண்டு வந்தால் பையும் மண்ணுக்குள்ளேயே போய்விடும். (வைக்கோல் படப்பில் வருகிற காளானுக்கும் பை உண்டு, அது தின்கிற காளான்தான், அதன் தூள் இளஞ்சிவப்பு. ஆனால் புதிதாகப் படிக்கிறவர் பையைக் கண்டால் கையை எடுத்துவிடுவதே மேல். விதிவிலக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

அத்தையிடம் சொல்லுங்கள்: கொலுசு கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையிலும் கறுக்கும், அதற்காக முட்டையை யாரும் கொட்டுவதில்லை. காளான் விஷத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மஞ்சள் போட்டுப் பார்ப்பது, பூண்டு நிறம் மாறுகிறதா என்பது, அரிசி சிவக்கிறதா என்பது, எல்லாமே அந்த வகைதான். புழு பூச்சி தின்றிருக்கிறது, அதனால் நல்லது என்பார்கள். நத்தை அமானிட்டாவை வயிறு முட்டத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போகும். அதன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு.

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. அவர் கண்ணுக்குப் புற்றும் தெரியும், காளானும் தெரியும், நாம் அவர் சொன்ன வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். புற்று மண்ணிலும் வேறு காளான் வரும். கரையான் விட்டுப்போன புற்றில் கறுப்பாகக் குச்சி குச்சியாக முளைக்கிறதே, அதுவும் புற்றில் முளைப்பதுதான்.

மத்தியானத்துக்கு ரசம் வையுங்கள்.

இரவுப் பணி, பாளையங்கோட்டை

நான் செவிலியராக இருக்கிறேன். மேலே அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், இது தெரியாமல்தான் ஆட்கள் போகிறார்கள்.

சீக்கிரம் வாந்தி வந்தால் பயந்துபோய் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். அதில் பெரும்பாலும் குளுக்கோஸ் ஏற்றிச் சமாளித்துவிடலாம். நான் பயப்படுவது வாந்தி பேதி தாமதமாக வருகிறவர்களுக்குத்தான். அமானிட்டா விஷம் சாப்பிட்டவுடன் ஒன்றும் காட்டாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். ராத்திரி சாப்பிட்டவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, தண்ணீராகப் பேதி. நேற்றுச் சாப்பிட்ட காளான் அப்போது யாருக்கும் நினைவிலேயே இருக்காது, ஹோட்டல் பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒரு நாள், ஒன்றரை நாள் சரியானது போலத் தெரியும். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் கண் மஞ்சளாகும்போது கைமீறிப் போயிருக்கும். கல்லீரல் மாற்று சிகிச்சைவரை போகவேண்டி வரலாம்.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று சொல்லாதீர்கள். இந்த விஷம் சூட்டுக்கு அசையாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அவர்களும் வருஷா வருஷம் காளான் பறிக்கிறவர்கள்தான், சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

காளான் சாப்பிட்டு வயிறு சரியில்லை என்றால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இந்த இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சக் காளானோ குழம்போ இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்து நேரத்தைப் போக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஒரே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களையும், நன்றாக இருந்தாலும் சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆள், வண்ணாரப்பேட்டை

அருமையான இழை. எனக்குத் தோப்பெல்லாம் இல்லை. வர்ற ஞாயிறு நண்பர்களோடு மணிமுத்தாறு, காரையார் பக்கம் போய்க் காட்டுக்குள் தேடலாம் என்று இருக்கிறோம். எந்தப் பக்கம் நிறையக் கிடைக்கும், யாராவது சொல்ல முடியுமா அண்ணாச்சி?

அடிவாரத்துக்காரி, சிவசைலம்

கேஸ் நிறையக் கிடைக்கும். நீங்கள் சொல்கிற இடமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988லிருந்து. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி அங்கே இருந்து எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஆசையாக இருந்தால் தோப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரையாவது பிடியுங்கள். அதுவும் இல்லையென்றால் பால் காளான் விதை வாங்கி வீட்டில் வளருங்கள். ஏ.பி.கே.2 என்று ஒரு ரகம், அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1998ல் விட்டது. நம் ஊர் வெக்கைக்குத் தாங்கும், நன்றாக வரும். ருசியில் புற்றுக்காளான் பக்கத்தில் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தோப்புக்காரன், கடையம்

அக்கா, சிஸ்டர், ரெண்டு பேருக்கும் நன்றி. மத்தியானம் ரசம்தான்.

நீங்கள் சொன்னபடி தட்டில் இருந்து வகைக்கொன்றாக எடுத்துக் கவிழ்த்தேன். கறுப்புக் காகிதத்துக்குப் பிள்ளையின் கிராஃப்ட் நோட்டைக் கிழித்ததில் அவன் ஒரு பாட்டம் அழுதான். சாயங்காலம் டம்ளரைத் தூக்கிப் பார்த்தால், கூர்ப்பு உள்ளதுக்கு மங்கலான இளஞ்சிவப்பு, மடிப்பு மடிப்பாகக் கோலம் போட்ட மாதிரி விழுந்திருக்கிறது. வலது ஓரத்துக் காளானுக்குப் பச்சை! வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், சந்தேகமே இல்லை, பச்சைதான். அது தென்னை மூட்டுப் புல்லில் அறுத்ததுதான். அத்தை காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொலுசை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு புற்றுக்குப் போனேன். புதிதாகச் சில குடைகள் எழும்பியிருந்தன. களைக்கொத்தால் பக்கவாட்டில் தோண்டினோம். வால் என் முழங்கை நீளம் போனது. கடைசியில் நீங்கள் சொன்ன அதே கூடு, அதே வெள்ளைப் பொட்டு. கரையான் கையெல்லாம் ஏறிவிட்டது. தண்டடியில் பை எதுவும் இல்லை. இத்தனை வருஷம் தின்ற அண்ணாச்சி, அடியில் இப்படி ஒன்று இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவர் எப்போதும் பிடுங்கித்தான் பழக்கமாம். படம் போட்டிருக்கிறேன், வால், கூடு, எல்லாம் சேர்த்து. இப்போது சமைக்கலாமா?

ஒரு கேள்வி: நேற்றுத் தட்டில் இருந்ததில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாமா? பாதிக்கு மேல் நல்லதுதான் போல.

அடிவாரத்துக்காரி, சிவசைலம்

தட்டில் உள்ளது முழுவதும் குழிக்குப் போகட்டும். நீங்கள் தூள் பார்த்தது ஒன்றிரண்டு தொப்பிக்குத்தான், மற்றதெல்லாம் அதே போல என்பது வெறும் நினைப்பு. அடி இல்லாமல் அறுத்ததை இனி யாராலும் சரிபார்க்க முடியாது. கோழி கிளறாத ஆழத்தில் போட்டு மூடுங்கள்.

தோண்டி எடுத்தது படத்தில் எனக்குத் திருப்தியாகவே இருக்கிறது. வால் கூட்டில் போய் முடிகிறது, கூர்ப்பு இருக்கிறது, அதே புற்றுக் காளானுக்குத் தூள் இளஞ்சிவப்பு. இருந்தாலும் உங்களுக்கு இது முதல் தடவை, வீட்டில் பிள்ளைகள் வேறு. கையில் வாங்கிப் பார்க்காமல் சமையுங்கள் என்று எழுத மாட்டேன். கடையத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி வழியாக எங்கள் ஊருக்குப் பைக்கில் அரை மணி நேரம். வாலோடு, மண்ணோடு, கழுவாமல், ஓலைப்பெட்டியில் போட்டுக் கொண்டு வாருங்கள். பாலித்தீன் பையில் கட்டாதீர்கள், வேர்த்து அழுகிவிடும். மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள். புற்றுக்காளான் பொழுது சாயும்வரை பொறுக்காது, புழு வைத்துவிடும்.

தோப்புக்காரன், கடையம்

அக்கா வீட்டுத் திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள், அதன் வால் பாதியில் அறுந்திருந்தது. நல்லதுதானே என்றதற்கு, நல்லதாகவே இருக்கட்டும் என்றார்கள். இப்போது எப்படிச் சமைப்பது? யூடியூபில் எல்லோரும் குடைமிளகாயும் சோயா சாஸும் போடுகிறார்கள்.

அடிவாரத்துக்காரி, சிவசைலம்

சோயா சாஸ் ஊற்றினால் என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

வாலைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்டில் உள்ள மண்ணைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். ஓடுகிற தண்ணீரில் ஒரு அலசு, ஊறப்போட வேண்டாம். கத்தி போடாமல் கையால் நீளவாக்கில் கிழியுங்கள், நார் நாராக வரும், உள்ளே புழு இருந்தாலும் தெரிந்துவிடும். சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை, தாராளமாகச் சின்ன உள்ளி. உள்ளி வதங்கியதும் காளானைப் போட்டு உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, அதுவே விடும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை நன்றாக வேகட்டும், அரைவேக்காடு வேண்டாம். மிளகும் சீரகமும் கொஞ்சம் தேங்காயும் அம்மியில் கொரகொரப்பாகத் தட்டிப் போட்டு, எண்ணெய் பிரியும்போது இறக்குங்கள். சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்குத்தான் இது.

எல்லோரும் முதல் நாளே வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். நல்ல காளானே சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பெரியவர்கள் இரண்டு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு இந்தத் தடவை வேண்டாம். கள்ளோ சாராயமோ கூட வேண்டாம், அண்ணாச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரவுப் பணி, பாளையங்கோட்டை

சமைக்கிறதில் ஒன்றை மட்டும் வாலோடு பச்சையாகக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே இன்றைய தேதியும் சாப்பிட்ட நேரமும் எழுதிவிடுங்கள். நான்கு நாள் கழித்து எடுத்து எறிந்துகொள்ளலாம்.